எதற்காக இந்த ஊழியம்?

கோலார் தங்கவயலிலுள்ள சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்திலிருந்து மேலே வந்த ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்கு, அதில் பொன் இருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்திராது. சாம்பல் பூத்த படிகக்கல் என்றே அது தோன்றும். பிற்காலத்தில் ஒரு டன் கல்லை உடைத்துப் பொடித்தாலும் கிடைத்தது சில கிராம் பொன்னே. ஆகையால் சுரங்கத்தார் கண்ணை நம்பியதில்லை. கல்லின் மாதிரியை எடுத்து மாவாக அரைத்து, ஈயக் கலவையோடு சேர்த்து உலையிலிட்டு உருக்குவார்கள். கல்லிலிருந்த பொன் ஈயத்தோடு சேர்ந்து கீழே இறங்கும். பின்பு அந்த ஈயத்தையும் நெருப்பினாலேயே போக்குவார்கள். முடிவில் கிண்ணத்தின் அடியில் ஒரு சிறு மணி நிற்கும். சில வேளைகளில் அது கடுகிலும் சிறியது. அதை நுண்ணிய தராசில் நிறுத்துப் பார்த்த பிறகே, அந்தத் திசையில் மேலும் தோண்டுவதா, விட்டுவிடுவதா என்பது முடிவாகும்.

கொரிந்து சபைக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் அப்போஸ்தலனாகிய பவுல் பேசுவதும் ஏறக்குறைய இப்படிப்பட்ட ஒரு சோதனையைக் குறித்தே. ஒரே அஸ்திபாரத்தின்மேல் சிலர் பொன்னால் கட்டுகிறார்கள். சிலர் வைக்கோலால் கட்டுகிறார்கள். கட்டி முடிக்கும் நாள் வரையில் இரண்டும் வீடாகத்தான் தெரியும். நெருப்பு வரும்போதே வேறுபாடு தெரியும். அந்த நெருப்பு கேட்கப்போவது வேலை எவ்வளவு பெரியது என்றல்ல, எத்தன்மையது என்றே. இந்தப் பகுதி அவிசுவாசிகளைக் குறித்து எழுதப்பட்டதன்று என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஊழியம் செய்கிறவர்களைக் குறித்தே எழுதப்பட்டிருக்கிறது. கட்டினவன் தப்புவான், ஆனால் ஆயுள் முழுவதும் அவன் கட்டியது அவன் கண்முன்னே வெந்துபோகக்கூடும் என்கிறார் அப்போஸ்தலன். உழைப்புக்கு அஞ்சாத ஊழியக்காரரும் அஞ்சவேண்டிய வார்த்தை இது.

ஒரே செயலைப் பொன்னாகவோ வைக்கோலாகவோ ஆக்குவது எது? கொடுக்கப்பட்ட அரிசி ஒன்றுதான். போடப்பட்ட ஊசி ஒன்றுதான். சொல்லப்பட்ட பிரசங்கமும் ஒன்றாகவே இருக்கலாம். ஆகவே வேறுபாடு, அது எதற்காகச் செய்யப்பட்டது என்பதில்தான் இருக்கவேண்டும்.

சாம்பியன் ரீப்ஸ் இந்தக் கேள்வியைக் கேட்பதற்குப் பொருத்தமான இடம். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கத் தொழிலைப் பெரிதாக நடத்தத் தொடங்கிய பின்பு, வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து ஏழைத் தமிழ்க் குடும்பங்கள் கூட்டங்கூட்டமாக வந்து சேர்ந்தன. அவர்களுள் மிகுதியானோர் சொந்த ஊரில் நிலமும் மதிப்பும் மறுக்கப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்கள். அவர்கள் வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட குடிசை லைன்களில் வாழ்ந்து, 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு இறங்கி வேலை செய்தார்கள். பாறை வெடித்துச் சிதறும் விபத்தில் மாண்டவர்கள் உண்டு. கல்தூசியைச் சுவாசித்து, நுரையீரல் இறுகி, சிறிது சிறிதாக மாண்டவர்களும் உண்டு. தங்கவயல் முழுவதிலுமாக ஏறத்தாழ 800 டன் பொன் எடுக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி மாத இறுதியில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. பொன் வெளியே போய்விட்டது. மிஞ்சி நிற்பவை சயனைடு மேடுகளும், வேலை தேடி விடியுமுன்னே மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலேறும் மக்களுமே.

இவ்வளவு தேவையுள்ள இடத்தில் ஊழியம் செய்ய வருகிறவர்களுக்குக் குறைவிருக்காது, குறைவிருக்கவும் கூடாது. ஆனால் தேவை எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு உதவுகிறவனுடைய அதிகாரமும் பெரிதாகிவிடுகிறது. பசியுள்ளவன் மறுத்துப் பேசுவதில்லை. கணவனை நுரையீரல் நோய்க்குப் பறிகொடுத்த ஒரு தாய், ஐந்து கிலோ அரிசிப் பைக்காக மேடைக்கு அழைக்கப்படுகிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். பையின் ஒரு முனையை அவளும் மறுமுனையை விருந்தினரும் பிடித்துக்கொண்டு, புகைப்படக்காரர் சரியென்று சொல்லுமட்டும் நிற்கிறார்கள். அந்த அரிசி அவளுடைய பிள்ளைகளின் வயிற்றை நிரப்பும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த அரை நிமிடத்தில் அவள் ஒரு விலை கொடுத்திருக்கிறாள். தன் வறுமையைப் படமாக்கிக்கொள்ள அவள் இடங்கொடுத்தாள். அந்தப் படம் காணிக்கை சேர்க்கும். அப்படியானால் அது இனாம் அல்ல, ஒரு சிறு வியாபாரம். பரிதாபம் என்னவென்றால், அதை வியாபாரம் என்று அறிந்திருப்பவள் அவள் ஒருத்திதான். மேடையிலிருப்பவர்கள் அதை அன்பு என்று மெய்யாகவே நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அறத்தை விலைபேசுவது இழிவு என்ற உணர்வு தமிழருக்குப் புதிதன்று. இந்தப் பிறவியில் செய்வது மறுபிறவிக்குப் பயன்தரும் என்று கணக்கிட்டுக் கொடுக்கும் வியாபாரி அல்லன் ஆய் என்று, உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் புறநானூற்றின் 134ஆம் பாட்டில் அந்த வள்ளலைப் புகழ்ந்திருக்கிறார். மறுமைப் பலனை எதிர்பார்த்துக் கொடுப்பதையே கொடை என்று ஒப்புக்கொள்ளத் தயங்கிய ஒரு புலவர், அடுத்த மாதச் சந்தாவை எதிர்பார்த்துக் கொடுப்பதைக் கண்டால் என்ன சொல்லியிருப்பாரோ!

வேதாகமத்தில் இதற்கு மிகத் தெளிவான சரித்திரம் இரண்டாம் இராஜாக்களின் புஸ்தகம் ஐந்தாம் அதிகாரத்தில் உள்ளது. சீரிய சேனாதிபதியான நாகமான் குஷ்டம் நீங்கி, நன்றியோடு எலிசாவிடம் திரும்பி வந்தான். கையில் வெள்ளியும் பொன்னும் மாற்றுவஸ்திரங்களும் ஏராளமாய் இருந்தன. தீர்க்கதரிசி ஒன்றையும் தொடவில்லை. அவனுடைய வேலைக்காரனாகிய கேயாசி பின்னாலே ஓடிப்போய், ஊழியத்தின் பேரைச் சொல்லியே கொஞ்சம் வாங்கிக்கொண்டான். தீர்க்கதரிசிகளின் புத்திரர் இருவர் வந்திருக்கிறார்கள், அவர்களுக்காகக் கேட்கிறோம் என்றான். கேயாசி தனக்கென்று கேட்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். ஏழை ஊழியருக்கென்று கேட்டான். அவன் பெற்ற தண்டனை மிகக் கடுமையானது என்று வாசகர் பலருக்குத் தோன்றுவதுண்டு. இரண்டு தாலந்து வெள்ளிக்குத் தலைமுறை தலைமுறையாகக் குஷ்டமா என்று கேட்பார்கள். ஆனால் அவன் திருடியது வெள்ளியை மாத்திரமல்ல. இஸ்ரவேலின் தேவன் விலையில்லாமல் சுகமாக்குகிறவர் என்று ஒரு புறஜாதியான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கற்றுக்கொண்டான். அந்தப் பாடம் அவன் ஊர்போய்ச் சேருமுன்னே, அந்தத் தேவனுக்கும் ஒரு விலை உண்டு என்று கேயாசி அவனுக்குச் சொல்லிவிட்டான். இழப்பு நாகமானுடைய பணப்பையில் அல்ல, தேவனைக் குறித்து அவன் கொண்ட அறிவில் நேர்ந்தது.

தவறான நோக்கம் ஏன் இவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. அது ஊழியக்காரனுடைய உள்ளத்தோடு நின்றுவிடுகிற அந்தரங்கக் குறையாயிருந்தால், அவனுக்கும் தேவனுக்குமுள்ள காரியம் என்று விட்டுவிடலாம். ஆனால் நோக்கம் வெளியே கசியும். கொடுக்கும் விதத்திலும், பேசும் தொனியிலும், எழுதும் அறிக்கையிலும் அது கசிந்து, பெற்றுக்கொள்கிறவனிடம் போய்ச் சேரும்.

தங்கவயலுக்கு அருகேயுள்ள கோலார் நகரம் இதைப்பற்றிச் சிந்திக்க வேறொரு சம்பவத்தையும் தருகிறது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் மைசூர் சமஸ்தானத்து மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் மாண்டனர் என்பர். அந்நாட்களில் ஆன்ஸ்டி என்ற ஆங்கிலேய அம்மையார் கோலாரில் அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தார். பின்னர் 1890இல் அந்த ஊழியம் அமெரிக்க மெதடிஸ்ட் மிஷன் பொறுப்புக்குச் சென்றது. 1910இல் அதே நகரத்தில் மெதடிஸ்ட் மிஷனார் தொடங்கிய எல்லன் தோபர்ன் கோவன் நினைவு மருத்துவமனையை அறியாதவர் அந்த வட்டாரத்தில் இல்லை. பஞ்சத்தில் தாயும் தகப்பனும் இறந்துபோன பிள்ளையை எடுத்து வளர்த்தவர், அந்தப் பிள்ளையைக் கிறிஸ்தவப் பிள்ளையாகவே வளர்த்தார். பஞ்சத்தைச் சாதகமாக்கிக்கொண்டார்கள் என்று இதைச் சிலர் பழித்ததுண்டு. ஆத்தும அறுவடை என்று சிலர் பெருமை பாராட்டியதுமுண்டு. இரண்டு சாராரும் அந்தப் பிள்ளை இருந்த இடத்தில் நின்று பார்க்கவில்லை. வேறு எவரும் எடுக்காதபோது ஒரு கை தன்னை எடுத்தது என்பதே அந்தப் பிள்ளை அறிந்த சத்தியம். எடுத்த கை எதற்காக எடுத்தது என்பதை நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் நின்று தீர்ப்புச் சொல்ல எவராலும் இயலாது. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்கலாம்: அந்தப் பிள்ளை வளர்ந்து, தன்னை வளர்த்தவருடைய மார்க்கத்தை வேண்டாமென்று சொல்லியிருந்தால், சாப்பாட்டுத் தட்டு அதன்முன் தொடர்ந்து வைக்கப்பட்டிருக்குமா? ஒவ்வொரு விடுதியும் ஒவ்வொரு பள்ளியும் இந்தக் கேள்விக்குத் தன் நடைமுறையினாலேயே பதில் சொல்லுகிறது.

சாம்பியன் ரீப்ஸ் மக்கள் இந்தக் கேள்வியை வெகுகாலத்துக்கு முன்பே கேட்டுவிட்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது. பண்டித அயோத்திதாசர் 1898இல் சென்னையில் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்ஸிலும் உறுதியான கிளைகள் இருந்தன. 1907இல் அவர் தொடங்கிய தமிழன் பத்திரிகை, 1914இல் அவர் மறைந்த பின்பு, 1926 முதல் சுமார் பத்தாண்டுகள் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. தாசருடைய நூல்களைச் சாம்பியன் ரீப்ஸ் சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டுப் பரப்பியது. சுரங்கத்தில் வேலை செய்த மக்கள் காசு சேர்த்து நடத்திய அறிவியக்கம் அது. மிஷனெரிமார் ஏழைகளுக்குக் கல்வி கொடுத்த நன்மையை அந்த இயக்கத்தார் அறியாதவர்கள் அல்லர். ஆனால் சபைக்குள்ளும் சாதி வந்து உட்கார்ந்துகொண்டதைக் கண்டு கடுமையாக எழுதினார்கள். எங்களை மனிதராக மதித்து அழைக்கிறீர்களா, அல்லது உங்கள் பேரேட்டில் எண்ணிக்கையாக எழுத அழைக்கிறீர்களா என்பதே அவர்கள் கேட்டதன் சாரம். பிற மதத்தார் கேட்டார்கள் என்பதற்காக இதைப் புறக்கணிப்பது புத்தியன்று. கழுதையைக் கொண்டும் பிலேயாமைக் கண்டிக்கத் தேவனால் முடிந்தது. இவர்களோ கற்றறிந்தவர்கள், அதிலும் பாடுபட்டவர்கள். 1930களில் காந்தியடிகள் மிஷனெரிமாரிடம் மீண்டும் மீண்டும் கேட்டதும் இதற்கு நெருங்கிய கேள்வியே. மருத்துவம் செய்கிறீர்கள், நன்று. நோயாளியின் மதத்தின்மேல் கண்வைத்துக்கொண்டு ஏன் செய்யவேண்டும் என்றார் அவர்.

இதற்கு அவசரமாகப் பதில் சொல்லுகிறவர்கள் இரண்டு பக்கங்களிலும் தவறிவிடுகிறார்கள். கிறிஸ்துவின் பெயரைச் சொல்லாமல் சேவை செய்வதே தூய சேவை என்பார் சிலர். அப்படியானால் ஒருவன் தனக்குக் கிடைத்த மிகச் சிறந்ததை அயலானுக்கு ஒளித்துவைக்க வேண்டும். அது நேர்மையுமாகாது, அன்புமாகாது. வேறு சிலரோ, ஆத்துமா நித்தியமானது, வயிறு அழிந்துபோவது. ஆகையால் வயிற்றைக் காட்டி ஆத்துமாவைப் பிடித்தால் என்ன குற்றம் என்பார்கள். இது இன்னும் மோசமானது. மீனைப் பிடிக்கத் தூண்டில்முள்ளில் புழு வைப்பவனுக்கு, மீனின் பசியின்மேல் எந்த இரக்கமும் இல்லை. மனுஷரைப் பிடிக்கிறவர்களாக்குவேன் என்று ஆண்டவர் சொன்ன மீனவர்கள் வலை வீசியவர்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்வது நலம்.

சுவிசேஷங்களில் ஆண்டவர் நடந்துகொண்ட விதம் இந்த இரண்டுக்கும் விலகி நிற்கிறது. அவர் யாரென்பதை அவர் மறைக்கவில்லை. யாருடைய தேவையையும் கண்ணியாக்கவுமில்லை. யோவான் ஆறாம் அதிகாரத்தில் ஜனங்கள் அப்பத்துக்காகவே தம்மைத் தேடி வருகிறார்கள் என்று அறிந்து, அதை அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லியும்விட்டார். ஆனால் முந்தின நாள் பந்தியில், விசுவாசிக்கிறவர்கள் ஒருபக்கம் உட்காருங்கள் என்று பிரிக்கவில்லை. ஐயாயிரம் பேரும் உண்டார்கள். மறுநாள் அநேகர் திரும்பிப் போய்விட்டார்கள். நீங்களும் போகிறீர்களா என்று பன்னிருவரையும் கேட்டார். வாசல் திறந்தே இருந்தது. பத்துக் குஷ்டரோகிகளில் ஒன்பது பேர் நன்றி சொல்ல வரவில்லை. ஒன்பது பேர் எங்கே என்று அவர் வருந்திக் கேட்டதுண்டு. கொடுத்த சுகத்தைத் திரும்ப வாங்கவில்லை. ஐசுவரியவானான வாலிபனை அன்போடு பார்த்து, அழைத்து, அவன் துக்கத்தோடு போனபோது அவனைப் போகவிட்டார். வேண்டாம் என்று சொல்லப்பட்ட பின்பும் நீட்டிய கை மடங்காதிருந்தால், அந்தக் கையில் இருந்தது தூண்டில் அல்ல என்பது விளங்கும்.

இந்த இடத்தில் திருநெல்வேலிச் சீமை தந்த ஒரு மனிதரின் குரலைக் கேட்பது தகும். வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரிச் சங்கமும் 1905இல் தேசிய மிஷனெரிச் சங்கமும் உருவானதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில், பெரும்பாலும் மேலைநாட்டவரே அமர்ந்திருந்த அவையில் அவர் பேசினார். அவர்களுடைய தியாகத்தை அவர் மறுக்கவில்லை. உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உடலையும் கொடுத்தீர்கள், இந்தியத் திருச்சபை அதை என்றும் மறவாது என்ற கருத்தில் பேசிவிட்டு, இனி அன்பையும் தாருங்கள், எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்று முடித்தார். அவையிலே பலருக்கு அது உறைத்தது. சிலருக்குக் கோபமும் வந்தது. தன் சரீரத்தையே கொடுத்த மிஷனெரிக்கு அன்பில்லை என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றே 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரம் கூறுகிறது. மேலிருந்து கீழே கொடுக்கிறவன் எவ்வளவு கொடுத்தாலும் மேலேயே இருக்கிறான். நண்பனோ பக்கத்தில் உட்காருகிறான். கொடுக்கிறதுபோலவே வாங்கவும் செய்கிறான். அசரியா கேட்டது எளிய காரியம்: இந்திய ஊழியரோடு கைகுலுக்குதல், வீட்டுக்கு அழைத்துப் பந்தியில் சமமாக உட்காருதல். இன்றைக்கு வெள்ளைக்கார மிஷனெரிகள் போய்விட்டார்கள். அந்த இடைவெளியும் அவர்களோடு கப்பலேறிப் போய்விட்டதா என்பதை, தலைமையகத்திலிருந்து பணித்தளத்துக்குக் காரில் வந்து இறங்கும் இந்தியத் தலைவர்களும், அவர்களுக்காக வெயிலில் காத்துநிற்கும் சுதேச ஊழியர்களுமே சொல்லவேண்டும்.

இனி, அறிக்கைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895இல் இந்தியாவுக்கு வந்தபோது முதலில் இறங்கி வேலை செய்த இடம் தங்கவயலுக்கு அருகிலுள்ள பெங்களூரே. பின்பு அவர் திருநெல்வேலிக்குச் சென்று, டோனாவூரில் தம் ஊழியத்தை நிலைநிறுத்தி, 1951இல் அங்கேயே காலமானார். ஊழியத்தில் உண்மையாகவே நடப்பது என்ன, நடக்காதது என்ன என்று அவர் எழுதிய கடிதங்களைப் புத்தகமாக்க எண்ணியபோது, சோர்வூட்டுவதாக இருக்கிறது, கொஞ்சம் உற்சாகமாக மாற்றி எழுதவேண்டும் என்று தாயகத்திலிருந்து கையெழுத்துப் பிரதி திரும்பி வந்தது. அவர் மாற்றவில்லை. அது மேசை இழுப்பறையில் கிடந்தது. நண்பர்களின் முயற்சியால் 1903இல் உள்ளபடியே வெளியானது. இப்படியும் இருக்குமா என்று சிலர் சந்தேகித்தபோது, இருப்பது இப்படித்தான் என்று தென்னிந்தியாவிலிருந்த மற்ற மிஷனெரிமார் சாட்சி சொல்லவேண்டியிருந்தது. ஊழியச் செய்தி இனிப்பாய் இருக்கவேண்டும் என்ற ஆசை எவ்வளவு பழையது என்பதை இது காட்டுகிறது. பத்துப் பேர் வந்த கூட்டம் அறிக்கையில் ஐம்பதாகிறபோது, அதனால் யாருக்கும் தீங்கில்லை என்றே எழுதுகிறவர் நினைக்கிறார். ஆனால் அடுத்த மாதம் அவர் ஐம்பது பேரைக் காட்டியாக வேண்டும். அன்றுமுதல் அவர் மனுஷரைத் தேடிப் போவதில்லை; எண்ணிக்கையைத் தேடிப் போகிறார். நோய்ப்படுக்கையில் கிடக்கும் ஒரு கிழவரோடு ஒரு மணி நேரம் உட்காருவது அவருக்கு வீண்செலவாகத் தெரியத் தொடங்குகிறது. இந்தப் பாவத்தில் ஊழியரைவிட, மாதந்தோறும் எண்ணிக்கையைக் கேட்கிற அலுவலகங்களுக்கும், உற்சாகமான செய்தி வந்தால் மாத்திரமே காணிக்கை அனுப்புகிற விசுவாசிகளுக்கும் பங்கு அதிகம்.

இவ்வளவும் சொன்ன பிறகு நேர்மையுள்ள ஒரு ஊழியருக்குப் பயம் பிடிக்கக்கூடும். முற்றிலும் தூய்மையான நோக்கத்தோடு எவர்தான் ஏதாவது செய்திருக்கிறார்? இரக்கத்தோடு புகழாசையும், தேவபக்தியோடு மாதச் சம்பளத்தின் அவசியமும், கீழ்ப்படிதலோடு நல்ல பேர் எடுக்கும் விருப்பமும் சேர்ந்தே கிடக்கின்றன. கல்லும் பொன்னும் பிரிந்து கிடக்கிற சுரங்கம் எங்கும் இல்லை. மனம் முழுவதும் சுத்தமான பிறகே கொடுப்பேன் என்று ஒருவர் காத்திருந்தால், அதுவரையில் பசித்திருப்பது அவரல்ல, ஏழையே. தன் நோக்கத்தையே ஓயாமல் தோண்டிப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒருவகைத் தற்பெருமைதான். எதிரே நிற்கிறவனை மறந்து, அவன் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பவுல் இதில் முரண்படுகிறார்போலத் தோன்றும். பிலிப்பியருக்கு எழுதும்போது, சிலர் பொறாமையினாலும் போட்டியினாலும் கிறிஸ்துவைப் பிரசங்கித்து, சிறையிலிருக்கிற தமக்கு வேதனை கூட்டப் பார்க்கிறார்கள் என்கிறார். ஆயினும் எவ்விதத்திலாவது கிறிஸ்து அறிவிக்கப்படுகிறாரே என்று அதில் சந்தோஷப்படுகிறார். தெசலோனிக்கேயருக்கு எழுதும்போதோ, தாம் இச்சகம் பேசினதில்லை, பொருளாசையை மறைத்து வைத்ததில்லை, எவருக்கும் பாரமாயிராதபடி இரவும் பகலும் பாடுபட்டதாகச் சொல்லி, நோக்கத்தின் சுத்தத்தையே பெரிதாக வற்புறுத்துகிறார். நோக்கம் முக்கியமா, அல்லவா? இரண்டு இடங்களிலும் பாதிக்கப்படுகிறவர் யார் என்று பார்த்தால் முடிச்சு அவிழ்கிறது. பிலிப்பியரில் மற்றவர்களுடைய கெட்ட நோக்கத்தின் செலவு பவுலின் தலைமேல் விழுகிறது. அதை அவர் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்ளுகிறார். தெசலோனிக்கேயில் செலவு விழக்கூடியது, புதிதாக விசுவாசத்துக்கு வந்த கைத்தொழிலாளர்மேல். அங்கே அவர் ஒரு காசுக்கும் இடங்கொடுப்பதில்லை. கலப்படமான நோக்கத்தோடு செய்யலாமா என்ற கேள்வியை, அந்தக் கலப்படத்துக்கு யார் விலை கொடுக்கிறார் என்ற கேள்வியாக மாற்றிக்கொண்டால் பல காரியங்கள் தெளிவாகும். ஊழியரின் புகழாசையினால் அவருக்கே தூக்கம் கெடுமானால், அவர் அதை அறிக்கையிட்டு வேலையைத் தொடரட்டும். அதே ஆசை அந்தத் தாயைப் புகைப்படத்துக்கு நிறுத்துமானால், அன்றைக்கே அது நிறுத்தப்படவேண்டும்.

எல்லாவற்றிலும் நுட்பமான கலப்படம், தான் தேவைப்படவேண்டும் என்கிற ஆசை. பணத்தை வெறுக்கிறவரையும் புகழைத் தள்ளுகிறவரையும் இது பிடித்துக்கொள்ளும். தான் இல்லாவிட்டால் இந்த ஜனம் என்னாகும் என்று அவர் கவலைப்படுகிறார். ஜனம் தானாக நிற்கத் தொடங்கினால் இன்னும் அதிகமாகக் கவலைப்படுகிறார். மோசே காலைமுதல் மாலைமட்டும் தனியாக உட்கார்ந்து நியாயம் விசாரித்ததைக் கண்ட மாமனார் எத்திரோ, நீர் செய்வது நல்லதல்ல என்று துணிந்து சொன்னார். புறஜாதி ஆசாரியர் ஒருவர் சொன்ன அந்தப் புத்தியை மோசே கேட்டார், பங்கிட்டும் கொடுத்தார். பல ஸ்தாபனங்களின் நிறுவனர்களுக்கு அப்படிச் சொல்லத்தக்க மாமனார் அமையாதது பெரும் குறையே! யோவான்ஸ்நானனுடைய சீஷர்கள், எல்லாரும் அந்தப் புதியவரிடம் போகிறார்கள் என்று மனவருத்தத்தோடு வந்து சொன்னபோது, அவன் மணவாளனுடைய தோழனைப்போல மகிழ்ந்தான். தன் கூட்டம் குறைகிறபோது மகிழ்கிற ஊழியக்காரனை மக்கள் எத்தனைபேர் கண்டிருக்கிறார்கள்?

சாம்பியன் ரீப்ஸைப் பற்றி விஞ்ஞான உலகம் அறிந்த ஒரு காரியமும் உண்டு. பூமியின் மேற்பரப்பில் விண்வெளியிலிருந்து அணுத்துகள்கள் மழைபோல ஓயாமல் பொழிகின்றன. அந்த இரைச்சலுக்கிடையில் நியூட்ரினோ என்ற மிக மெல்லிய துகளைக் கண்டுகொள்வது கடினம். ஆகவே பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, தங்கள் கருவிகளை சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தினுள் 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். தலைக்குமேலிருந்த பாறை மற்ற இரைச்சல்களையெல்லாம் தடுத்துக்கொண்டது. 1965இல் வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்களின் அடையாளத்தை உலகில் முதலில் கண்டவர்களுள் அவர்களும் இருந்தார்கள். மேலே நின்றவர்களுக்குத் தெரியாதது, அந்த இருட்டில் வாரக்கணக்காக, மாதக்கணக்காகக் காத்திருந்தவர்களுக்குத் தெரிந்தது.

கதவைப் பூட்டி அந்தரங்கத்திலுள்ள பிதாவை நோக்கி ஜெபிக்கவும், வலதுகை கொடுப்பதை இடதுகை அறியாதிருக்கவும் மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னதற்கும் இப்படிப்பட்ட ஓர் ஆழமே காரணமாயிருக்கலாம். மேடையில் நிற்கிறபோது எந்தச் சத்தம் எதனுடையது என்று ஊழியக்காரனுக்கே தெரியாது. எவரும் பாராத, எந்த அறிக்கையிலும் எழுதமுடியாத வேலையை அவன் செய்துபார்க்கட்டும். லைன் வீட்டின் பின்கட்டில் இருமிக்கொண்டு கிடக்கும் முதிய சுரங்கத் தொழிலாளி ஒருவர். அவர் எந்தச் சபைக்கும் வரப்போவதில்லை, வந்தாலும் காணிக்கை போடப்போவதில்லை, வந்து பார்த்தவரின் பெயரையும் அடுத்த வாரம் மறந்துவிடுவார். அவர் வீட்டுக்குள் போய் உட்காரும்போது மனதுக்குள் எழுகிறது சலிப்பா, மகிழ்ச்சியா? அங்கே சலிப்பே எழுமானால் அதற்காக வெட்கப்பட்டு ஓடிப்போக வேண்டியதில்லை. தன்னிடத்தில் கல் எவ்வளவு, பொன் எவ்வளவு என்று அன்றைக்கு அவருக்குத் தெரிந்திருக்கிறது. மறுவாரமும் அவர் போகலாம்.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் நீதிமான்கள் ராஜாவினிடத்தில் கேட்கும் கேள்வி விசேஷமானது. எப்பொழுது உமக்குப் போஜனம் கொடுத்தோம், எப்பொழுது உம்மைக் காண வந்தோம் என்கிறார்கள். அது தாழ்மைக்காகச் சொன்ன பேச்சன்று. மெய்யாகவே அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் ராஜாவைக் கண்டு கொடுக்கவில்லை. பசித்தவனைக் கண்டு கொடுத்தார்கள். ஏழைக்குள் கிறிஸ்துவைக் காணவேண்டும் என்று பிரசங்கிப்பதுண்டு, நல்ல உபதேசந்தான். ஆனால் கிறிஸ்துவைக் காண்பதற்காக ஏழையை ஊடுருவிப் பார்த்துவிட்டு, ஏழையையே காணாமற்போகிற ஆபத்தும் அதில் உண்டு. இவர்களோ பசித்தவனை மாத்திரம் பார்த்தார்கள்.

நாகமான் சமாரியாவை விட்டுப் புறப்படுகிறபோது எலிசாவினிடத்தில் இரண்டு விண்ணப்பங்களைச் செய்தான். இரண்டு கோவேறு கழுதைகள் சுமக்கத்தக்க மண் வேண்டும் என்றான். பின்பு, தன் எஜமான் தன் கைமேல் சாய்ந்துகொண்டு ரிம்மோன் கோவிலில் பணியும்போது தானும் அங்கே பணியவேண்டி வரும், அதைக் கர்த்தர் மன்னிக்கவேண்டும் என்றான். தீர்க்கதரிசி நிபந்தனை ஒன்றும் விதிக்கவில்லை. வாக்குறுதி ஒன்றும் வாங்கவில்லை. எத்தனை பேரை அங்கே சேர்ப்பாய் என்றும் கேட்கவில்லை. சமாதானத்தோடே போகச் சொன்னார். மண்ணைச் சுமந்துகொண்டு கழுதைகள் புறப்பட்டன. அவன் தன் தேசத்தில் அதன்பின் எப்படி வாழ்ந்தான் என்பதை எலிசா அறிந்ததாக வேதத்தில் எங்கும் எழுதப்படவில்லை.